பவுனு என்ன இனம்

அரியூரில் எது காணாமல் போனாலும் மைக்செட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்துவிடும். பெயர் மட்டும் சரியாக இருக்க வேண்டும். போன வருஷம் ஒருவர் பொத்தாம்பொதுவாக ‘பசு’ என்று கூப்பிட்டுவிட்டார். மூன்று நாள் கடைத்தெருவில் யாரும் கால் வைக்க முடியவில்லை.

அதனால்தான் ஜெராக்ஸ் கடை குணவதிக்குத் தலைவலியாகிவிட்டது. அவள் பதினான்கு வருஷமாக வளர்த்துவந்த டரான்டுலா சிலந்தி செவ்வாய்க்கிழமை காலை முதல் காணவில்லை. உள்ளங்கை அகலம் இருக்கும். உடம்பெல்லாம் பழுப்பு மயிர், முட்டிகளில் மட்டும் மஞ்சள். கடை திறந்தபோது மெஷின் மேல் அதன் சட்டை மட்டும் எட்டுக் காலும் குலையாமல் கிடந்தது. தோல் உரித்த சிலந்திக்கு வீட்டு முகவரி பழைய தோலோடு போய்விடும். வெள்ளிக்கிழமைக்குள் கூப்பிடாவிட்டால் வேறு யார் வீட்டையாவது தன் வீடென்று நினைத்துக்கொள்ளும்.

குணவதி மைக்செட் பீர்முகமதுவிடம் ஓடினாள். அவர் ஆட்டோவில் குழாயைக் கட்டிக்கொண்டிருந்தார். என்ன இனம் என்று கேட்டார். தெரியாது என்றாள்.

“பவுனுன்னுதான் கூப்பிடுவேன். அப்படிக் கூப்பிட்டா வராதா பாய்?”

“வரும்க்கா. ஊர்ல இருக்கற பதினாறு பவுனம்மாவும் சேர்ந்து வருவாங்க. அவங்கவங்க பீரோவுல இருக்கற பவுனும் கிளம்பி வந்துரும். ஸ்டேஷன்ல யாரு பதில் சொல்றது?”

நியாயமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் கூடவே இருந்தவளை, நீ யார், எந்தக் கூட்டம் என்று ஒரு வார்த்தை கேட்காமல் விட்டோமே என்று குணவதிக்கு வெட்கமாகப் போய்விட்டது. சட்டையைக் கைக்குட்டையில் பொதிந்து எடுத்துக்கொண்டு, கல்லூரியில் விலங்கியல் நடத்தும் தேவசகாயம் சாரைப் பார்க்கப் போனாள். பெரிதாக்கிப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்றார் சார். இரண்டு பேரும் கடைக்கே திரும்பி வந்து, சட்டையை மெஷினில் வைத்து, போகும் வரைக்கும் பெரிதாக்கினார்கள். ஒரு காலின் படமே கடையைத் தாண்டித் தெருவுக்குப் போய், தபாலாபீஸ் வாசலில் முடிந்தது. சார் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்தே பார்த்தார். மயிர்கள் சவுக்குத்தோப்பு மாதிரி இருக்கின்றன என்றார்.

புதன்கிழமை அவர் ஒரு பெயர் சொன்னார். பீர்முகமது கூப்பிட்டார். மத்தியானத்துக்குள் இருபத்து மூன்று சிலந்திகள் வந்து கடை வாசலில் வரிசையாக நின்றன. குணவதி ஒவ்வொன்றாகக் குனிந்து முகம் பார்த்தாள். பவுனு இல்லை. பாட்டில் மூடிகளில் தண்ணீர் வைத்து, சிரமம் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தாள். வியாழக்கிழமை சொன்ன பெயருக்கு ஒன்றே ஒன்று வந்தது. கூப்பிட்ட மரியாதைக்காகச் சற்று நின்றுவிட்டு, அதுவும் போய்விட்டது. அன்று குணவதி சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் சார் புத்தகத்தை மூடினார்.

“குணவதியம்மா, இது எதுலயும் இல்ல. இன்னும் யாரும் பேர் வைக்காத இனம். நீங்கதான் வைக்கணும்.”

குணவதி ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தாள். பவுனுவைப் பற்றித் தனக்கு என்னதான் தெரியும்? வலை பின்னிப் பார்த்ததில்லை. யாரையும் கடித்ததில்லை. கரண்ட் போனால் மடிக்கு வந்துவிடும். அவள் மனசில் இருப்பதையெல்லாம் கொட்டுவாள், அது முன்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்கும். ஒருநாளும் நடுவில் எழுந்து போனதில்லை. அவளுக்குத் திடீரென்று சிரிப்பு வந்தது. நான்கு நாளில் முதல் சிரிப்பு.

“காதுகொடுக்கி,” என்றாள்.

சார் அதை நோட்டில் எழுதிக் கீழே கோடு போட்டார். நாலு மணிக்கு பீர்முகமது மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, காதுகொடுக்கி எங்கிருந்தாலும் குணவதி ஜெராக்ஸுக்கு உடனே வரவும் என்று மூன்று முறை சொன்னார்.

பவுனு தீயணைப்பு நிலையத்துப் பக்கமிருந்து வந்தது. புதுத் தோல் பளபளக்க, மஞ்சள் முட்டிகள் மின்ன, நேராக அவள் கையில் ஏறித் தோளில் உட்கார்ந்துகொண்டது.

“எங்கடி போயிருந்த?” என்றாள் குணவதி. கண்ணைத் துடைக்கத் துடைக்கச் சிரித்தாள்.

பவுனுவுக்குப் பின்னால் பஸ் நிலையத்து டைம்கீப்பர் வந்தார். கல்யாண மண்டபத்து வாட்ச்மேன் வந்தார். தையல்கடை அக்கா தங்கை இருவரும் வந்தார்கள். பீர்முகமதுவின் மனைவி ஜமீலா, கையில் மாவோடு வந்து நின்றாள். பீர்முகமது தலையாட்டிவிட்டு ஆட்டோவைக் கொஞ்சம் ஓரம் கட்டினார். சார் எல்லோரையும் சுற்றிவந்து பார்த்து, இந்த இனத்தில் இதுவரை ஆறு என்று எழுதிக்கொண்டார்.

கடைசியாகத் துறையூர் பஸ் வந்தது. டிரைவர் இல்லை, பயணிகள் இல்லை. கடைக்கு முன்னால் வந்து, இன்ஜினை அணைத்துக்கொண்டு அமைதியாக நின்றது. சார் ஆறை அடித்து ஏழு என்று திருத்தினார். குணவதி பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டு அதற்கு இடம் விட்டாள்.