நாலு மில்லிமீட்டருக்குள்ளே

கடைசி நிறுத்தத்தில் பயணிகள் இறங்கியதும் வெர்டெல் ஓட்டுநர் இருக்கையிலிருந்து மெல்ல எழுந்து, விரித்திருந்த துண்டைப் பார்த்தாள். கறை. சுருட்டிப் பைக்குள் திணித்தாள். மாதவிலக்கு நின்று எத்தனையோ வருஷமாகிவிட்டது. இப்போது போய் இந்தக் கூத்து. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் பேருந்து ஓட்டுகிறவர்களுக்குக் கழிப்பறை என்றால் வழித்தட முனையிலுள்ள பெட்ரோல் பங்க்தான். அதுவும் அங்கிருப்பவன் மனசு வைத்தால்.

அடுத்த ஷிப்டுக்கு வண்டியை வாங்கிக்கொள்ள லாவோன் வந்து நின்றாள். தேவாலய வாசலில் நின்று ஆட்களை வரவேற்று உட்காரவைக்கும் பெண்கள் குழுவில் வெர்டெலும் உண்டு; அதற்கு லாவோன்தான் தலைவி. மாதத்தின் முதல் ஞாயிறன்று அவர்கள் தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்த வேண்டும். சில மாதங்களாக அந்த ஞாயிறு மட்டும் வெர்டெல் வருவதில்லை.

"ஏண்டி, மத்த வாரமெல்லாம் கறுப்புப் பாவாடையில ஜம்முனு வர்றே. வெள்ளைன்னா மட்டும் கசக்குதா? தலைவி பதவி கிடைக்கலேன்னு நீ முறுக்கிக்கிட்டு நிக்கிறதா சபை முழுக்கப் பேச்சு."

"உன் பதவியைக் கொண்டுபோய் உடைப்புல போடு," என்றாள் வெர்டெல். பிறகு குரல் இறங்கியது. "வெள்ளை உடுத்த முடியலடி. ரத்தம் போகுது."

லாவோன் பக்கத்தில் வந்தாள். "டாக்டரைப் பாத்தியா?"

"பாத்தேன். ஸ்கேன் எடுத்தாரு. கர்ப்பப்பை உள்சவ்வோட தடிமன் நாலு மில்லிமீட்டருக்குள்ளதான் இருக்காம், புத்துநோய் பயமில்லையாம். வெறும் நார்க்கட்டி இருக்கு, உங்க கறுப்பினப் பொம்பளைங்களுக்கு அது சகஜம்னு அனுப்பிட்டாரு. ரெண்டாவது தடவை போனப்பவும் அதே பாட்டு."

"சதை எடுத்துச் சோதிக்கலையா?"

"கேட்டேன். எதுக்கு வீண் வலின்னுட்டாரு."

மறுவாரமே லாவோன் விடுப்புப் போட்டு அவளை வேறொரு மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். சதை எடுக்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டோம் என்று இருவரும் அடம்பிடித்தார்கள். எடுத்தார்கள்.

முடிவைச் சொன்ன பெண் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. புற்றுநோய். அதிலும் வேகமாகப் பரவுகிற வகை, கறுப்பினப் பெண்களுக்கே அதிகம் வருவது. சவ்வு தடிக்காமலும் வரும்; கட்டிகள் இருந்தால் ஸ்கேனில் சரியாகவும் தெரியாது. நிணநீர் முடிச்சுகளுக்குப் போய்விட்டது.

"அப்ப அந்த நாலு மில்லிமீட்டர்?"

"அந்தக் கணக்கைப் போட்ட ஆய்வுகள்ல இருந்தவங்க பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்கள்மா. ஆபரேஷன், கீமோ எல்லாம் குடுத்துப் பாக்கலாம். ஆனா கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தீங்கன்னா..."

"வந்தேனே!" வெர்டெல் மேசையில் அறைந்தாள். "ரெண்டு தடவை வந்தேன். திருப்பி அனுப்பினவரும் ஒரு டாக்டர்தான்."

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

பழைய ஸ்கேன் படங்களை வாங்க முதல் மருத்துவமனைக்குப் போனபோது, அதே டாக்டரின் அறையிலிருந்து ஒரு கறுப்பினப் பெண் வெளியே வந்தாள். விடுதியில் அறை துடைக்கிறவர்களின் சீருடை. காதில் போன், முகமெல்லாம் சிரிப்பு. "இந்த வயசுல ரத்தம் போகுதேன்னு பயந்தேன்ல, ஒண்ணுமில்லையாம்டி! சவ்வு மெல்லிசா இருக்காம்."

வெர்டெல் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "திரும்ப உள்ள போ. சதை எடுத்துப் பாக்கச் சொல்லு."

"யாரு நீ? விடுக்கா, வேலைக்கு நேரமாச்சு."

"இப்படித்தான் நானும் வேலைக்குப் போனேன். வா."

பிடியை விடாமல் அவளைக் கதவுவரை இழுத்து வந்தாள். அதற்குள் அடுத்த பெண் உள்ளே போயிருந்தாள், கதவு சாத்தியிருந்தது. வெர்டெல் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள்.