இருபத்தொரு சொட்டு

எலி மூத்திரம் போகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு மனிதனை முப்பது வயது வரை படிக்க வைக்கிறார்கள் என்பது அரிமுராவின் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. மகன் ககோஷிமா பல்கலைக்கழகத்தில் இருதய ஆராய்ச்சி செய்கிறான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள்.

முழுப் பொய்யும் அல்ல. பன்றி இருதயத்தில் பெப்டைடு என்றொரு துண்டுப் புரதம்; அது சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தக் குழாயை விரிக்கும், ரத்தம் கூடப் பாயும், சிறுநீர் கொட்டும் என்பது அவன் நம்பிக்கை. இருதயத்தை அரைத்த அழுக்குச் சாறு எலியைக் கொட்டவும் வைத்தது. அதையே இரண்டு வருஷம் வடித்துச் சுத்தமாக்கி ஏற்றினால் பத்து நிமிஷத்துக்கு நான்கு சொட்டு. வெறும் உப்புத் தண்ணீருக்கும் அதே நான்கு.

"மார்ச்சுக்குள்ள காட்டு," என்றார் பேராசிரியர் உஷிஜிமா. "இல்லேன்னா தீவுல பொண்ணுங்க காலேஜ்ல சத்துணவுப் பாடம் நடத்தப் போக வேண்டியதுதான். காத்து நல்லா வரும்."

கண்ணாடிக் குழாய் கழுவுவது இவாகிரி-சான் என்ற அம்மாள். ஒரு ராத்திரி அமிலம், பிறகு ஏழு தண்ணீர். பக்கத்து எரிமலையின் சாம்பலில் ஊரே தும்மும்போதும் அவர் குழாய்கள் பளபளக்கும். ஆய்வுக்கூடத்து வாத்தியார்கள் எல்லோரும் அவருக்குச் 'சென்செய்'.

"சென்செய், உங்க எலி போகலேன்னா என் குழாயைச் சொல்லாதீங்க. அதுல முகம் பாத்து நான் பவுடர் போட்டுக்கறேன்."

பிப்ரவரியில் மகள் பிரசவத்துக்கு அந்த அம்மாள் ஒரு வாரம் லீவு. மூன்றாம் நாள் சுத்தமான குழாய் தீர்ந்தது. எலி ரத்தத்தின் மஞ்சள் நீர் காய்ந்திருந்த குழாயைச் சோம்பேறித்தனமாக அலசி, அதிலேயே மருந்தைக் கலந்து ஏற்றினான் அரிமுரா.

ரத்த ஓட்டம் காட்டும் பேனா காகிதச் சுருளில் எகிறியது. சொட்டுகள் இருபத்தொன்று.

மஞ்சள் நீரை மட்டும் இன்னொரு எலிக்கு ஏற்றினான். நான்கு. ஒரு குழாயைத் தானே அமிலத்தில் ஊறவைத்து, மறுநாள் அதில் மருந்தைக் கலந்தான். நான்கு.

பெப்டைடு கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. அழுக்கு இருந்தால் அது முந்திக்கொண்டு இடம் பிடிக்கும். பெப்டைடு எலிக்குப் போய்ச் சேரும். இரண்டு வருஷ மருந்தும் கழுவுதொட்டி வழியாகப் போயிருந்தது. பாவம், சாக்கடை எலிகள்தான் நிம்மதியாகப் போயிருக்கும்.

காகிதச் சுருளோடு உஷிஜிமாவின் அறைக்கு ஓடினான். அவர் மேஜையில் ஒரு பத்திரிகை விரிந்து கிடந்தது.

"உக்காரு. வடக்கே ஒரு குழு. அதே இருதயம், அதே எலி. முந்திட்டாங்க. இன்னிக்குத் தபால்ல வந்துச்சு." ஒரு வரியில் விரலை வைத்தார். "குழாய்க்கு முதல்ல புரதம் பூசியிருக்காங்க. நாம என்ன பண்ணினோம்?"

"கழுவினோம், சென்செய்."

"கழுவினது யாரு?"

தொட்டிக்கு மேலே சுவரில் பத்து வருஷமாகத் தொங்கும் அட்டையில் 'அமிலம், ஏழு தண்ணீர்' என்று எழுதியிருப்பது உஷிஜிமாவின் கையெழுத்து. அதைச் சொல்லத் துணிச்சல் இல்லை. இவாகிரி-சான் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

"நான்தான் அப்படிக் கழுவச் சொன்னேன்."

"ம். தீவுல மீன் கூட நல்லாயிருக்கும்."

திங்கட்கிழமை இவாகிரி-சான் ஒரு டப்பா நிறைய, நல்ல காரியத்துக்கு ஆக்கும் சிவப்புப் பயற்றுச் சோற்றோடு வந்தார்.

"பேத்தி, சென்செய்! வெளியே வந்ததும் டாக்டர் சட்டை மேலயே போயிட்டா. கெட்டிக்காரி!"

"நல்ல சிறுநீரகம்," என்றான் அரிமுரா.

மேஜை மேலிருந்த, இருபத்தொரு சொட்டுத் தந்த குழாயை அந்த அம்மாள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சீ! ஒரு வாரம் நான் இல்லேன்னா இந்த லட்சணமா? இதுலயா வேலை பாத்தீங்க?"

"இனிமே மாட்டேன்."

அவர் ஏழாவது தண்ணீரில் அதைக் கழுவி முடிக்கும்வரை அவன் நின்றபடி சோற்றைத் தின்றான்.