நீளம் எழுதாத அறை

நகரின் எல்லையில் எழுந்துகொண்டிருந்த கட்டடங்களின்மேல் மாலை வெயில் மஞ்சள் பூசி, சாரங்களின் நிழலை மண்மேடுகளில் நீளக் கிடத்தி, மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. மனைதோறும் உடைந்த செங்கற்களும் அறுத்தெறிந்த பலகைகளும் குவிந்து கிடக்க, ஒரு மனை மட்டும் பெருக்கிவிட்ட கூடம்போல் தூய்மையாய் விளங்கிற்று.

அம்மனைக்கு உரியவள் கட்டடம் வரைவதைத் தொழிலாகக் கொண்டவள்; சுவரை முழுச் செங்கற்களாலும் தரையை முழு ஓடுகளாலும் எண்ணி வகுத்து, ஒன்றையும் அறுக்காமல் வீடு முடிக்க வல்லவள். ஆறாண்டுகளுக்கு முன், தங்கையும் தானும் வாழ இதே மனைக்கு முதற்படம் வரைந்தபோது, இருவருக்கும் ஓரறை போதும், மற்றோர் அறை வீண் என்று சொல்லிவிட்டாள். "உன் கணக்குல நான் எங்க இருக்கேன், அக்கா?" என்று கேட்டுவிட்டுத் தொலைவூர் சென்ற தங்கை பின்னர் திரும்பவில்லை. அக்கேள்வியோ, செருப்புக்குள் புகுந்த மணல்போல் அவள் நடக்குந்தோறும் உறுத்தியது.

முன்பகுதிச் சுவர்கள் எழுந்துவிட, பின்னறைக்கு மட்டும் அடித்தளம் தோண்ட நூல் பிடித்து அளவு குறிக்க வேண்டியிருந்தது. கொத்தனார் படத்தை விரித்துத் தலையைச் சொறிந்தார்.

"இந்த ரூம் எதுக்கும்மா?"

"எழுதியிருக்கேனே. மிச்சம் மீதி போட்டு வைக்க."

"துண்டே விழாம வீடு கட்டுறீங்க, துண்டு போட ஒரு ரூமா? அதுக்குக் கிழக்க பாத்து ஜன்னல் வேற. துண்டெல்லாம் வெயில் காயணுமாக்கும்."

அவள் சிரிக்க முயன்றாள், முகம் ஒத்துழைக்கவில்லை.

"படத்துல நீளமும் போடல. நாளைக்குத் தோண்டிட்டா மாத்த முடியாது, சொல்லிட்டேன்."

எல்லாவற்றையும் அளந்தவள் இந்த ஒன்றை ஏன் அளக்காமல் விட்டாள் என்பது, படிப்போரே, அவளுக்கும் அக்கணமே விளங்கிற்று. கைப்பேசியில் தங்கையை அழைத்துச் சுவரோரம் ஒதுங்கினாள்.

"உன் கட்டில் எவ்வளவு நீளம்?"

"ஆறு வருஷம் கழிச்சுக் கேக்கிற கேள்வியா இது?" என்றாள் தங்கை. "எதுக்கு?"

"உன் ரூமுக்கு. ஓடு அறுக்காம போடணும்."

"நீ திருந்தவே மாட்டே. இரு, அளந்து சொல்றேன். வெச்சிடாத."

வருவாளோ, அளவை மட்டும் அனுப்புவாளோ, யாரறிவார்? நெஞ்சில் இடம் வைத்திருந்தும் அதை நிலத்தில் வரையத் தயங்கிய ஆண்டுகளே அவள் வீணாக்கிய பெரும்பொருள். கொத்தனார் நீட்டிய நூலின் நுனியைப் பற்றியவாறு, தொலைவூர் அறையொன்றில் நடந்து செல்லும் காலடியோசையைக் கேட்டுக்கொண்டு அவள் நின்றாள்.