இரண்டாம் கணக்கு

வேல்விழி என்பது அவள் பெயர். விருத்தாசலத்தில், பீங்கான் சூளைகளுக்குப் பின்புறத் தெருவொன்றில், மாடியறையில் தனியே குடியிருந்தாள். பகலிற் கல்லூரியில் இயற்பியல் நடத்துவாள்; மாலையிற் பென்சிலைச் சீவிக்கொண்டு அமர்ந்து, பி மெசான் என்னும் கனமான துகள் எவ்வாறு சிதைகிறது என்று கணக்கிடுவாள். அத்துகள் பிறந்த கணமே மறைவது. அத்தகைய மெசான்கள் கோடிக்கணக்கிற் சிதையும்போது, அவற்றுள் எத்தனை ஒரு குறிப்பிட்ட வழியிற் சிதையும் என்று முன்கூட்டிச் சொல்ல முயல்வதே அவள் ஆராய்ச்சி. துகளுக்குள் குவார்க்குகள் என்னும் உட்துகள்களைக் கட்டிவைக்கும் விசையின் கணக்கை எவராலும் முற்றத் தீர்த்துவிட இயலாது. ஒரு மாதிரியை வகுத்துக்கொண்டுதான் கணக்கிட வேண்டும். அதிலே தவறு நுழைய வழிகள் பல.

ஆகவே, அவளும் உடன் ஆராய்ந்த தமிழ்மணியும் ஒரு முறையைக் கைக்கொண்டிருந்தனர். ஒரே கணக்கை இருவரும் தனித்தனியே செய்வர். முடியும்வரை ஒருவர் விடையை மற்றவர் பாரார். இரண்டும் ஒத்தாற்றான் ஆய்விதழுக்குக் கட்டுரை. ஒவ்வாத நாட்களில் தொலைபேசியிற் சண்டை நடக்கும். அந்தச் சண்டைக்காகவே அவள் விரைந்து வீடு திரும்பிய மாலைகள் உண்டு.

தமிழ்மணி இப்பொழுது சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறான். அவள் தன் கணக்கை முடித்து மாதங்கள் ஆயின, அவனுடையது வரவில்லை. பொறுக்கமாட்டாமல் தானே மறுமுறையும் போட்டுப் பார்த்தாள். அதே விடைதான் வந்தது. வராமல் என்ன செய்யும்? விடை தெரிந்த கை அதை நோக்கியே போயிற்று.

கீழ்வீட்டு ராஜம்மாள், பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுபவள், குழம்புக் கிண்ணத்தோடு ஏறி வந்தாள்.

“என்னா டீச்சர், இன்னும் அந்தக் கனமான சாமானையே கட்டிக்கினு அழுவுறீங்களா? எத்தினி கிலோ இருக்கும் அது?”

“தராசுல நிக்காதுக்கா. வெச்சதும் காணாமப் போயிடும்.”

“எங்க வூட்டுக்காரரு மாதிரின்னு சொல்லுங்க!”

அவள் சிரிப்பு படிக்கட்டு முடியும்வரை கேட்டது. பிறகு மின்விசிறியின் ஓசை மட்டுமே.

சற்று நேரத்தில் தமிழ்மணியே அழைத்தான்.

“விழி, எனக்காகவா காத்துக்கினு இருக்கிற? கட்டுரைய அனுப்பிடு.”

“நீ கணக்குப் போட்டியா?”

“எங்க நேரம் இருக்குது? உன்னுது சரியாத்தான் இருக்கும். என் பேரையும் போட்டே அனுப்பு. ரெண்டு பேரு இருந்தாத்தான் மதிப்பாங்க.”

“சண்டை போடாம உன் பேர எப்பிடிடா போடறது?”

“சண்டையெல்லாம் போதும், விழி. நான் இனிமே அந்தப் பக்கம் வரமாட்டேன்.”

அவன் குரலிற் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

கட்டுரையின் முதற்பக்கத்தில் இருவர் பெயரும் அருகருகே இருந்தன. அப்படியே அனுப்பினால் எவரும் ஐயுறார்; இருவரும் கணக்கிட்டு ஒத்துப்பார்த்தது என்றே படிப்பவர் கொள்வர். அந்த இரண்டு பெயர்களையும் அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பெயரையும் எடுத்துவிட்டால், அவனோடு அவளைச் சேர்த்துவைப்பது வேறு எதுவும் இல்லை.

அவன் பெயரை எடுத்துவிடுவது என்றும், இக்கணக்கை வேறெவரும் தனியே செய்து சரிபார்க்கவில்லை என்று கட்டுரையிலேயே எழுதிவிடுவது என்றும் வேல்விழி முடிவு செய்தாள்.