அரை கப் மாப்பிள்ளைகள்

அந்தக் காபி மெஷினுக்கு நிரல் எழுதியவர்கள் இரண்டு பேர். ஒரே வீட்டில் பெண் எடுத்த சகலைகள். மாமனாருக்குக் குழாய்க் கடை. தன் இரண்டு மாப்பிள்ளைகளையும் கடையில் உட்கார வைக்கப் பார்த்து, முடியாமல் போய், கடைசியில் மாடி அறையை அவர்களுக்கு விட்டுக்கொடுத்து ஒரு கெடுவும் வைத்தார். வெள்ளிக்கிழமைக்குள் யாராவது மெஷினை வாங்கச் சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் திங்கட்கிழமையிலிருந்து பெரிய மாப்பிள்ளை கல்லாவில், சின்ன மாப்பிள்ளை குழாய் அறுக்கும் இடத்தில்.

சின்னவனுக்குக் குழாய் அறுக்கும் சத்தம் கேட்டால் பல் கூசும். அதற்கடுத்துப் பல்லைக் கூச வைத்தது, மூத்த சகலையான பெரியவர் எழுதிய மேக்ரோ.

மேக்ரோ என்பது ஒட்டு வேலை. இரண்டில் பெரியதைத் தரும் வரியை ஒரு முறை எழுதி 'பெரியது' என்று பெயர் வைத்துவிட்டால், அந்தப் பெயர் எங்கே வந்தாலும் கணினி அந்த வரியை அப்படியே கொண்டுபோய் ஒட்டிவிடும். ஏன், எதற்கு என்று கேட்காது. பெரியவருக்கு அந்தக் குணம்தான் பிடித்தது. வீட்டில் யாரும் தன் பேச்சை இப்படிக் கேட்பதில்லை என்பார்.

ஆனால் அவர் அதற்குள் 'காபி ஊற்று' என்ற கட்டளையையே வைத்துவிட்டார். ஊற்றிய அளவு குறைந்தபட்ச அளவைவிடப் பெரியதா என்று பார்க்கத்தான். மேக்ரோ வரியிலோ அந்தக் கட்டளை இரண்டு தடவை வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒப்பிடுவதற்காக மெஷின் ஒரு கப் ஊற்றியது. விடை சொல்வதற்காக இன்னொரு கப் ஊற்றியது. மேசை, விசைப்பலகை, பெரியவரின் கால்சட்டை எல்லாம் காபி.

சின்னவன் டெம்ப்ளேட் போடலாம் என்றான். அதுவும் ஒரு அச்சுதான், ஆனால் விவரமான அச்சு. முழு எண் வந்தால் அதற்கு, தசமம் வந்தால் அதற்கு என்று தனித்தனியாக ஒரு துண்டு நிரலை வார்த்துக் கொடுக்கும். வருவதை ஒரே தடவை கணக்கிட்டுக் கையில் வைத்துக்கொண்டு அப்புறம்தான் ஒப்பிடும். பெரியவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மூத்தவர் எழுதியதில் இளையவன் கை வைத்தால், அந்த வீட்டில் அக்காவும் தங்கையும் ஒரு வாரம் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

அதனால் சின்னவன் சொல்லாமல் கை வைத்தான். வெள்ளிக்கிழமை காலை, பெரியவர் வருவதற்கு முன்னால் மேக்ரோவைத் தூக்கிவிட்டு டெம்ப்ளேட்டைப் போட்டான். ஓட்டிப் பார்க்கக் காபிப் பொடி இல்லை. மிச்சமிருந்தது அன்று மெஷினைப் பார்க்க வருகிறவருக்கே சரியாக இருந்தது.

வந்தவர் ஒரு பெரிய அலுவலகத்தின் கேண்டீனைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள். மாமனாரும் கடைச் சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். பெரியவர் பொத்தானை அழுத்தினார். மெஷின் முனகியது, ஊற்றியது, பாதிக் கப்பில் நின்றுவிட்டது.

சாவி ஆடுவதும் நின்றது.

"நீ கை வெச்சியா?" என்றார் பெரியவர், உதடு அசையாமல்.

"ஒரே தடவை ஊத்துற மாதிரி மாத்தினேன் அண்ணே."

"அடப்பாவி. ரெண்டு தடவை ஊத்துதேன்னு நேத்துதான் அளவைப் பாதியாக் கொறச்சேன்."

சின்னவனுக்குக் காதுக்குள் குழாய் அறுக்கும் சத்தம் கேட்டது. மாமனார் கரிசனமாக, கடையில் ஃபேன்கூடப் புதிதாக மாட்டியிருப்பதாகச் சொன்னார். அந்த வார்த்தை பெரியவரை உலுக்கியிருக்க வேண்டும். அவர் நிதானமாகப் பொத்தானை இன்னொரு முறை அழுத்தினார். கப் விளிம்பு வரை நிறைந்தது.

"பாதி போதும்னா ஒரு அழுத்து, முழுசா வேணும்னா ரெண்டு அழுத்து. அப்படித்தாம்மா வெச்சிருக்கோம்" என்றார், பிறந்ததிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தவர் போல.

அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. அவர் கேண்டீனில் எல்லோரும் பாதி குடித்துவிட்டு மீதியைத் தொட்டியில் கொட்டுகிறார்களாம். இதே மாதிரி எல்லா மாடிக்கும் வேண்டும், ஒன்றும் மாற்றாமல் வேண்டும் என்றார். மாமனார் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, ஆசீர்வதிக்கிற முகத்தை வரவழைக்கச் சிரமப்பட்டார்.

எல்லோரும் இறங்கிப் போனபின் சின்னவன் நிரலைத் திறந்தான். 'முழு கப்' என்று பெயர் வைத்த இடத்தில் பாதி அளவு உட்கார்ந்திருந்தது. பெயரையாவது திருத்தலாம் என்று விரலைக் கொண்டுபோனான்.

"சகலை, திங்கட்கிழமை குழாய் அறுக்கணுமா?" என்றார் பெரியவர், காபிக் கறை படிந்த விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டே.

சின்னவன் விரலை மடக்கிக்கொண்டான்.