யாரும் வசிக்காத நடைபாதை

விடிவதற்கு முன்பே எழுந்து, தான் அங்கே இருந்ததற்கான அடையாளத்தை அழித்துவிடுவது மங்கையின் வழக்கம். ராயபுரத்தில் ஜெரால்டின் படகுக் கயிற்றுக் கடைக்கு எதிரே இருந்த நடைபாதையில்தான் அவளும் மகள் சௌமியாவும் பல வருடங்களாகப் படுத்து எழுந்தார்கள். எழுந்ததும் தார்ப்பாயைச் சுருட்டுவாள். பாத்திரங்களையும் துணிமூட்டையையும் கூடைக்குள் அடக்கி, மின்சாரப் பெட்டிக்குப் பின்னால் தள்ளுவாள். அடுப்புக் கற்களைக்கூடத் தனித்தனியாகச் சுவரோரம் ஒதுக்கிவிடுவாள். பிறகு இடத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டுக் காசிமேட்டுக்கு இறால் உரிக்கப் போவாள். ஜெரால்ட் வந்து கடையைத் திறக்கும்போது, அங்கே ஒரு குடும்பம் இரவைக் கழித்த சுவடு மருந்துக்கும் இருக்காது. அவர் முகம் சுளிக்காமல் இருப்பதற்கு அவள் கொடுத்துவந்த வாடகை அது.

மழைநீர்க் கால்வாய்க்காக அந்த நடைபாதையைத் தோண்டப் போவதாகப் பேச்சு வந்தது. அங்கே வசிப்பவர்களுக்குத் தண்டையார்பேட்டைப் பக்கம் கட்டியிருக்கும் குடியிருப்பில் வீடு கிடைக்குமாம். காசிமேட்டுக்கு நடந்தே போய்விடும் தூரம். வயது வந்த மகளைத் திறந்த வெளியில் தூங்க வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் அரைத் தூக்கத்தில் கிடந்தே பழகியவள் மங்கை. உள்ளே தாழ் போட்டுக்கொள்ளும் ஒரு கதவு கிடைத்தால் போதும் என்றிருந்தாள்.

தாயும் மகளும் வேலைக்குப் போயிருந்த ஒரு முற்பகலில் கணக்கெடுப்பவர்கள் முன்னறிவிப்பின்றி வந்துவிட்டுப் போனார்கள். மதியம் அவள் திரும்பியபோது, நான்கு கடை தள்ளிக் கூடாரம் போட்டிருந்த அஜீசா கையை ஆட்டிக் கூப்பிட்டாள்.

“எங்கமே போன நீ? அல்லாருக்கும் டோக்கன் குட்த்துட்டுப் பூட்டாங்க.”

“எனக்கு?”

“உன் எடந்தான் கண்ணாடி மாரி கீதே. கடக்காரர கேட்டாங்க. யாரும் இல்லன்னுட்டாரு.”

“ஜெரால்டு அண்ணாத்தயா?”

“அவரேதான். கணக்கு எழுதறவங்கிட்ட நான் போய்ச் சொன்னேன், எங்கூட்டுக்கே ரெண்டு டோக்கன் கேக்கறேன்னு வெரட்டிட்டான்.”

வேடன் கண்ணில் படாதபடி தன் வளையைப் புல்லால் மூடிவைத்த முயல் ஒன்று இருந்ததாம். காட்டில் வெள்ளம் புகுந்த நாளில், ஒவ்வொரு வளையாகப் பார்த்து எல்லாரையும் மேட்டுக்கு அழைத்துப் போன யானைக்கும் அந்த வளை தெரியவில்லை. மங்கையின் நிலை அப்படி ஆயிற்று.

அலுவலகத்தில் செங்குட்டுவன் என்ற அதிகாரி அவளுடைய ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல காசிமேட்டு வீட்டு முகவரி இருக்கேம்மா.”

“அது எங்கண்ணன் வூடு சார். அட்டைக்காக அவன் வெலாசத்தச் சொன்னேன்.”

“அப்ப உங்களுக்கு வீடு இருக்குன்னு ஆகுது.”

“வூடு இருந்தா நான் ஏன் சார் ரோட்டுல படுக்கறேன்?”

“ரோட்டுல படுக்கறீங்கங்கறதுக்குத்தான் ஆதாரம் கேக்கறேன்.”

வீடில்லாதவர்களுக்கு வீடு கொடுப்பதற்கென்றே ஏற்படுத்திய இடம் அது. வீடில்லை என்பதை அங்கே எப்படி மெய்ப்பிப்பது என்று அவளுக்கு விளங்கவில்லை. கடைசியில் அதிகாரியே வழி சொன்னார்: இல்லை என்ற கடைக்காரர் நேரில் வந்து, இருந்தாள் என்று சொல்ல வேண்டும்.

ஜெரால்ட் பில் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “நான் வந்து சொன்னா, இத்தனை வருஷம் ஏன் விட்டேன்னு என்னைக் கேப்பாங்க. அப்புறம் பார்க்கலாம் மங்கை.”

அந்த அப்புறம் ஒரு வாரமாகியும் வரவில்லை. நடைபாதையில் தோண்டுவதற்கான சுண்ணாம்புக் கோடு மட்டும் வந்தது.

மறுநாள் ஜெரால்ட் கடை திறக்க வந்தபோது தார்ப்பாய் விரித்தபடி கிடந்தது. கொடியில் ஈரத்துணி தொங்கியது. நடுப்பாதையில் கல் கூட்டி மங்கை கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் வேலைக்குப் போகவில்லை.

“என்ன மங்கை இது?”

“கலீஜா கீதா? நல்லாப் பாத்துக்கோ அண்ணாத்த. உன் வாசலாச்சேன்னு இத்தினி வருசம் ஆளே இல்லாத மாரி இருந்துட்டேன். நீ அத்த நெசம்னே சொல்லிட்ட.”

“வியாபாரம் பண்ற இடம். கொஞ்சம் மெதுவாப் பேசு.”

“மெதுவாத்தான பேசிக்கினு இருந்தேன். புயலன்னிக்கு உங்கடைக்குள்ள தண்ணி பூறுதுன்னு போன் போட்டது யாரு? கயித்துக் கட்டெல்லாம் உன்னோட சேந்து மேல தூக்குனது யாரு? யாரும் இல்லாத எடத்துலருந்து எவ அண்ணாத்த வந்தா?”

ஜெரால்ட் சாவிக்கொத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். தெருவில் போன மீன்பாடி வண்டிக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்த்தார். ஜெரால்ட் அவரைக் கவனிக்கவில்லை. சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “அடுப்பை அணைச்சிட்டு வா” என்றார். கடையை அவர் திறக்கவில்லை.

அலுவலகத்தில் அவர் உட்காராமலே பேசினார். “இவங்க என் கடை எதிர்லதான் சார் இருக்காங்க, இவங்க பொண்ணு கைக்குழந்தையா இருந்ததுலருந்து. அன்னிக்கு நான் சொன்னது பொய்.”

செங்குட்டுவன் நிமிர்ந்து பார்த்தார். “எதுக்கு சார் அப்படிச் சொன்னீங்க?”

“கடைக்கு அசிங்கம்னு நெனச்சேன். பொய் சொன்னேன்னே எழுதிக்கங்க, கையெழுத்துப் போடறேன்.”

எழுதி வாங்கிக்கொண்டபின் செங்குட்டுவன், ஒப்புதல் தர வேண்டிய மேலதிகாரி வெளியே போயிருப்பதாகவும், அவர் எப்போது வருவார் என்று தெரியாததால் இன்னொரு நாள் வந்தால் நல்லது என்றும் சொன்னார். இப்படி எத்தனை இன்னொரு நாள்களை மங்கை பார்த்துவிட்டாள்.

ஜெரால்ட் சுவரோரப் பெஞ்சில் போய் அமர்ந்தார். “அவர் வரட்டும் சார். நேர்லயே சொல்லிட்டுப் போறேன்.”

“கடை இன்னா ஆவறது அண்ணாத்த?” என்றாள் மங்கை.

“பூட்டித்தான கீது. நீ உக்காரு” என்று நகர்ந்து இடம்விட்டார்.