எழுபத்து நான்கு கிலோ

ஒரு வாரமாகக் கிருபாநிதி சாருக்குச் சோற்றுத் தட்டுக்கு முன்னாலும் டயர் பேச்சுதான். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொல்வார்: "பட்டறை இஞ்ஞாசி சொல்லுதான் ஜீவமணி, மூணு சக்கர வண்டி வளைவுல சாயாதாம். சாயாத வண்டிக்குப் பின்னால உருண்டை டயர் எதுக்கு? தட்டையா, அகலமா, கார் டயர் போட்டாச்சு. தேரிக்காட்டுச் செம்மணல்ல புதையாது."

ஜீவமணிக்குக் கார் டயரும் ஒன்றுதான், கப்பல் டயரும் ஒன்றுதான். ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தாள். கயத்தாறு பக்கம் பஸ் கவிழ்ந்து இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து இரண்டு வருஷமாகிறது. இந்த இரண்டு வருஷத்தில் அந்த மனுஷன் எதைப் பற்றியும் இவ்வளவு பேசியதில்லை.

இரண்டு வருஷமாகச் சாத்தான்குளத்து வேதக்கோயில் அசனத்துக்கும் அவர் போகவில்லை. ஊர் கூடிச் சமைத்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ணும் அந்த விருந்தில் இருபது வருஷம் சோற்று வாளி தூக்கியவர். "பஸ்ஸிலேருந்து நாலு பேர் என்னை மூட்டையா இறக்க, நான் போய்ச் சாப்பிடணுமாக்கும்" என்று சொல்லிவிட்டார். இந்த ஞாயிற்றுக்கிழமை தன் புல்லட்டில், பெண்டாட்டியைப் பின்னால் வைத்துக்கொண்டு, தானே போய் இறங்க வேண்டும். அதற்காகத்தான் பின்சக்கரம் இரண்டாயிற்று, பிரேக் காலிலிருந்து கைக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் துறைமுக ரோட்டுப் பட்டறையில் ஓட்டிப் பார்த்தார்கள். சார் தனியாக ஒரு சுற்று வந்தார். வண்டி மாப்பிள்ளை மாதிரி வந்தது. பிறகு ஜீவமணி ஏறினாள். நூறு அடி போகவில்லை, ஒரு சின்னப் பள்ளம், பின்னாலிருந்து 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். அடுத்த பள்ளத்தில் ரப்பர் கருகும் நாற்றம்.

இஞ்ஞாசி குனிந்து பார்த்தான். "மாதாவே! டயர் மட்கார்டுல உரசுது சார்வாள். ஸ்பிரிங் இம்புட்டு அமுங்கக் கூடாதே."

"சின்ன டயர் போட்டா?" என்றார் சார்.

"உரசாது. ஆனா தேரி மணல் ரோட்டுல ஏறிக் கெடக்குமே, அங்கன புதையும். அக்கா இறங்கித் தள்ளணும்."

கிருபாநிதி சார் ஹாண்டிலிலிருந்து கையை எடுத்தார். "அப்ப விடு. வித்துருவோம்" என்றார். முகம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது இருந்த மாதிரி ஆகிவிட்டது.

"நீங்க மட்டும் போய்ட்டு வாங்களேன். தனியா நல்லாத்தானே ஓடுது?"

"ஏளா, நீ பஸ்ஸில, நான் வண்டியிலயா? அதுக்கு நான் வீட்டிலயே இருந்துக்கிடுதேன்."

இஞ்ஞாசி தலையைச் சொறிந்தான். "எனக்குப் புரியல. உப்பு மூட்டையைப் பின் சீட்டுல கட்டி வச்சுல்லா அளவு பாத்தேன்! அக்கா அம்பது கிலோன்னு சார்வாள் சொன்னாவ. சரியா அம்பது கிலோ மூட்டை."

ஜீவமணி மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். "யாரு அம்பது கிலோ?"

சார் பெட்ரோல் டாங்கைத் துடைத்தார். "நாசரேத் ஆஸ்பத்திரிச் சீட்டுல அப்படித்தான் போட்டிருந்துச்சு."

"அது கல்யாணம் ஆன வருஷம்!"

"அதுக்கப்புறம் நான் கேக்கலயே. கேக்க முடியுமா?"

இஞ்ஞாசி சிரிப்பை அடக்க ஸ்பானரைத் தேடுவதுபோலக் குனிந்தான். ஜீவமணி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டினாள். எதிரே உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி. வாசலில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு. பக்கத்தில் சாக்கு வாய் தைத்துக்கொண்டிருந்த பிச்சம்மாள் ஊசியை நிறுத்தினாள்.

"என்ன டீச்சரம்மா, உப்பு வேணுமா?"

"உப்பு வேண்டாம். என்னைய நிறு."

கிட்டங்கியே கூடிவிட்டது. வீட்டு எடை மிஷினில்கூட ஏறாத பெண்பிள்ளை, பத்துச் சுமைக்காரர்கள் பார்க்கத் தராசில் ஏறி நின்றாள். பிச்சம்மாள் படிக்கல்லை ஒவ்வொன்றாக வைத்தாள். அம்பது. அறுபது. "இன்னும் வைக்கேன் தாயி, அசையாம நில்லு." எழுபது. கடைசியில் முள் நின்றது.

"எழுபத்து நாலு!" என்று ஜீவமணியே ரோட்டுக்கு அப்பால் கேட்கும்படி கத்தினாள். "எழுதிக்கோ இஞ்ஞாசி!"

அம்பது கிலோ மூட்டையோடு அரை மூட்டையைச் சேர்த்துக் கட்டி, இஞ்ஞாசி முதலிலிருந்து ஆரம்பித்தான். ஸ்பிரிங்குக்கு அடியில் படிகள் வெட்டியிருந்த வளையத்தை, ஸ்பிரிங் விறைக்கும்படி, முதல் படியிலிருந்து மூன்றாம் படிக்குத் திருகினான். மட்கார்டை இரண்டு விரற்கடை தூக்கி முடுக்கினான். பின் டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கினான். பிறகு மூட்டையை இறக்கிவிட்டு, "அக்கா, ஏறுங்க" என்றான். அதே பள்ளம். சத்தமே இல்லை.

அந்த வளையத்தை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. வருஷங்கள் கழித்து ஓட்டியவர் காலமான பிறகும் அது மூன்றாம் படியில்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தேரி வளைவில் செம்மணல் ரோட்டை மூடிக் கிடந்தது. கார் டயர் அதன்மேல் சப்பாத்திக்கட்டை மாதிரி உருண்டு போனது. சாத்தான்குளத்துக் கோயில் வாசலில் புல்லட் சத்தம் கேட்டதும் கோயில் மணியடித்துப் பராமரிக்கும் கோயில்பிள்ளை பொன்னுதுரை நாலு ஆளைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தார். "சாரை மெதுவாப் பிடிங்கப்பா!"

"ஒருத்தரும் கிட்ட வராதீங்க" என்றார் சார். வண்டி அசையாமல் தானாக நின்றது. வலது காலை ஊன்றி, கட்டைக்காலை இழுத்து, இறங்கி நிமிர்ந்தார். சட்டையை இழுத்துவிட்டார்.

பின் சீட்டில் ஜீவமணி மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு தூரம் மடக்கியிருந்ததில் இரண்டு முழங்காலும் மரத்துப்போய்விட்டன.

"என்னங்க, எனக்கு இறங்க முடியல."

கிருபாநிதி சார் நாலு ஆளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"மெதுவா வா. நல்லாத் தெரியும், எழுபத்து நாலு கிலோ."